அவிட்டத்துக்கு அடுத்தது

வெள்ளிக்கிழமை, பதினொன்று நாற்பது.
வங்கிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு
மானெலும் நானும் ஓட்டோ பிடித்தோம்.
கொச்சிக்கடை வளைவில் லொறிகள் மறித்து நிற்க
மிச்சத் தூரம் நடை.

நிஷ்ஷங்கவின் கப்பலிலிருந்து
பதினொரு நாளாய் ஒரு செய்தியும் இல்லை.
செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போனாள்.
நேற்று விகாரையில் போதிக்குத் தண்ணீர் வார்த்தாள்.
இன்று உன்னுடைய கோயில் என்றாள்.
ஏழு வருஷமாய் பஸ் ஜன்னலால் மட்டும் பார்த்த கோபுரம்
என்னுடையது என்று
அவள் சொல்லித்தான் தெரிந்தது.

தார் ரோட்டில் வெந்த கால்
படி தாண்டியதும் குளத்தில் இறங்கியது.
கீழே கல், மேலே கல்,
எண்ணெய் குடித்துக் கறுத்த தூண்கள்.
யாளியின் வாய்க்குள் கிடந்த கல்லுருண்டையை
மானெல் விரல் விட்டு உருட்டினாள்.
வெளியே எடுக்க ஏலாதா?
ஏலாது. உள்ளே வைத்தே செதுக்கியது.
எவ்வளவு பழசு?
பலகையில் ஓர் ஆண்டு இருந்தது.
பூக்காரர் வேறொன்று சொன்னார்,
நூறு வருஷம் முன்பின்னாய்.
துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது.
அந்தச் சத்தத்தைத் தூண்கள்
கொஞ்சநேரம் வைத்திருந்து விட்டன.

பேர்?
சீட்டு எழுதும் பொடியன் நிமிரவில்லை.
நட்சத்திரம்?
தெனட்ட, என்றாள்.
அவன் என்னைப் பார்த்தான்.
நான் கூரையைப் பார்த்தேன்.
நடை சாத்தப் போறாங்கள், கெதியாய், என்றார்
பின்னால் தேங்காயோடு நின்றவர்.

அப்போதுதான் எண்ணத் தொடங்கினோம்.
சுட்டுவிரலின் முதற்கணுவில் பெருவிரலை வைத்து
அவள் அஸ்வித என்றாள், நான் அசுவினி என்றேன்.
பெரண, பரணி.
கெத்தி, கார்த்திகை.
ரெஹென, ரோகிணி.
ஆறாவதில் அவள் அத என்றாள்,
நான் திருவாதிரை என்றேன்.
ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு சொல்,
நின்ற இடம் ஒரே கணு.
உத்தரத்தோடு வலக்கை முடிந்தது.
இடக்கைக்கு மாறினோம்.
மூலம் வந்தபோது அவளுக்கும் மூல.
வரிசை முழுக்கப் பார்க்கச் சிரித்துவிட்டோம்,
கப்பலை மறந்து, ஒரு நொடி.
சுவண, திருவோணம்.
தெனட்ட.
அவிட்டம்! என்றேன் பொடியனிடம்,
பரீட்சை பாஸானவள்போல.
எழுதினான்,
நிஷ்ஷங்கவை நிசங்கன் ஆக்கி.

என் சுண்டுவிரலில் இன்னும் ஒரு கணு.
இருபத்து நான்காவது. சதயம்.
அண்ணனுடையது.

உங்களுக்கு ஏதும்?
மேசையில் அருச்சனைச் சீட்டு மஞ்சள்.
மோட்ச விளக்குக்கு வெள்ளை.
இரண்டு கட்டுகளுக்கும் நடுவில்
அவன் பேனை காத்திருந்தது.
பொருத்தமற்றதை வெட்டிவிடவும் என்று கேட்ட
எத்தனையோ படிவங்களில்
பதினாறு வருஷமாய் நான் எதையும் வெட்டவில்லை.
இல்லை, என்றேன்.

ஐயர் தட்டை வாங்கி
மூன்றாவதாய் ஒரு பேர் சொன்னார்:
தனிஷ்டா நட்சத்திரே.
மானெல் சட்டென்று நிமிர்ந்தாள்.
வேறெதுவும் விளங்காத மந்திரத்தில்
தன் வீட்டுச் சத்தம் ஒன்று கேட்டவளாய்.
தீபம் ஏறி இறங்கியது.
கல்லுக்குள்ளிருந்த முகம் தெரிந்தது,
பிறகு திரை.

திரும்பும் ஓட்டோவில்
நெற்றித் திருநீறு மூக்கில் உதிர்ந்திருக்க
போனைப் பார்த்தாள். வைத்தாள். பார்த்தாள்.
பிறகு, எண்ணினதைப் பாதியில் விட மனமில்லாமலோ என்னவோ,
தெனட்டவுக்குப் பிறகு சியாவச, என்றாள்.
தமிழில் என்ன?

கோட்டை வந்துவிட்டிருந்தது.
ஓட்டோக்காரன் மீதிக்காசை நீட்டினான்.
வலக்கையால் வாங்கினேன்.
இடக்கைப் பெருவிரல்
இன்னும் அந்தக் கணுவிலேயே இருந்தது.